உத்தரவு முடிந்த பிறகு

சேன்-லோரன் சாலை

மாண்ட்ரியலைக் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிக்கும் சேன்-லோரன் சாலை பழைய துறைமுகத்தில் தொடங்கி மலையை நோக்கி ஏறுகிறது. சீனத் தெருவின் சிவப்பு வளைவை எட்டும் இடத்தில் ஓல்ட் புரூவரி மிஷன் என்ற வீடற்றோர் விடுதி இருக்கிறது. 1889இல் மீனா டக்ளஸ், ஈவா ஃபின்ட்லே என்ற இரண்டு பெண்கள் ஏழைகளுக்குச் சூப் ஊற்றத் தொடங்கி வளர்ந்த நிறுவனம் இது. இங்கே ஒதுங்குகிறவர்களில் முன்னாள் ராணுவத்தினரும் உண்டு என்பதும், அவர்களுக்கென்றே ‘தெருவின் காவலர்கள்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு திட்டம் நடக்கிறது என்பதும் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவருக்கு முதலில் நம்ப முடியாத செய்தி. நம் ஊரில் மிலிட்டரிக்காரர் என்றால் மாதம் தவறாத பென்ஷன், கேன்டீன் சாமான், விறைப்பான நடை, ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு நாற்காலி. கம்மவான்பேட்டை போன்ற வேலூர் மாவட்டத்து ஊர்களில் பட்டாளத்துக்குப் போய்வந்தது ஒரு குடும்ப கௌரவம். கனடாவில் ஊர் ஊராக, முகாம் முகாமாக மாறிக்கொண்டே இருந்தவருக்குச் சேவை முடிந்ததும் திரும்பிப் போக ஓர் ஊர் இல்லாமல் போகலாம். கூட்டுக் குடும்பமும் இல்லை. மைனஸ் இருபது டிகிரிக் குளிரில் அந்த இல்லாமை உயிரை எடுக்கக்கூடியது.

இதே சுற்றுவட்டாரத்தில், இன்றைய ரெனே-லெவெக் சாலையில், ஒரு காலத்தில் மாண்ட்ரியல் பொது மருத்துவமனை இயங்கியது. 1908 டிசம்பரில் போலீஸ்காரர்கள் ஒரு மனிதரை அங்கே கொண்டுவந்து போட்டார்கள். குடிபோதை என்று நினைத்தார்கள். உண்மையில் அவரைச் சாய்த்தவை குளிரும் பட்டினியும். தலைமை ஆர்டர்லியாக இருந்த ஆர்தர் ஹேர், அந்தக் கந்தல் கோட்டிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு நீல உறையைக் கவனித்தார். பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து நன்னடத்தையுடன் விடுவிக்கப்பட்டவருக்குத் தரும் சான்றிதழ் அதில் இருந்தது. ஹேரும் தென்னாப்பிரிக்கப் போரில் பங்கெடுத்தவர்; அந்த உறையை அடையாளம் காண அவருக்கு நேரம் ஆகவில்லை. ஜேம்ஸ் டேலி என்ற அந்தச் சிப்பாய் இருபது ஆண்டுகளுக்கு மேல் பேரரசுக்காக உழைத்தவர். இரண்டு நாளில் இறந்துபோனார். கேட்க ஆளில்லாத உடல் மருத்துவ ஆய்வுக்குப் போக வேண்டியது. ஹேர் சக ஊழியர்களிடம் காசு திரட்டி முறையாக அடக்கம் செய்தார். அடுத்த ஆண்டு, 1909இல், ‘லாஸ்ட் போஸ்ட் ஃபண்ட்’ என்ற அமைப்பு பிறந்தது. இன்றுவரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட முன்னாள் படையினரின் இறுதிக் காரியத்துக்குத் துணைநின்ற அமைப்பு அது.

ராணுவத்தினர் சமூகத்துக்குத் திருப்பித் தருவது என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம் கண்முன் வருவது வெள்ளத்தில் படகு ஓட்டும் சீருடைதான். 2004 சுனாமியும் 2015 சென்னை வெள்ளமும் அந்தப் படத்தை நம் மனத்தில் அழுத்திப் பதித்துவிட்டன. நன்றி சொல்ல வேண்டிய வேலை அது. ஆனால் அது உத்தரவின்பேரில் நடந்த வேலை. ஹேருக்கு யாரும் உத்தரவிடவில்லை. அவர் அப்போது சிப்பாயும் இல்லை. அவரிடம் இருந்தது, மற்றவர்கள் கண்ணில் படாத ஓர் உறையை அடையாளம் காணும் பழக்கம் மட்டுமே. தொண்டு என்ற கணக்கை இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. மாண்ட்ரியல் அமைந்திருக்கும் தீவை மேற்கு நோக்கிக் கடக்கும் வழியில் அதற்குச் சாட்சியங்களும் உண்டு, மறுப்புகளும் உண்டு.

எஸ்பிளனாட் அவென்யூ

மலைக்கு எதிரே, ஜான்-மான்ஸ் பூங்காவைப் பார்த்தபடி, கனடிய கிரெனடியர் கார்ட்ஸ் படைப்பிரிவின் கல் கட்டடம் எழும்பி நிற்கிறது. வாரத்தில் ஒரு மாலை, மாதத்தில் ஒரு வார இறுதி என்று பயிற்சிக்கு வரும் ரிசர்வ் படையினருக்கான இடம். மற்ற நாள்களில் அவர்கள் மாணவர்கள், ஆசிரியர்கள், லாரி ஓட்டுநர்கள். வடக்கே சற்று நடந்தால் மைல் எண்ட். அங்கே தேன் கலந்த நீரில் வேகவைத்து விறகடுப்பில் சுடும் பேகல், நம் மெதுவடைக்குத் தூரத்து உறவு போல நடுவில் ஓட்டையுடன், கைசுடச் சுடக் கிடைக்கிறது. பூங்காவில் சனிக்கிழமை பந்து விளையாடும் குடும்பங்களுக்கு அந்தக் கல் கட்டடம் வெறும் பின்னணி. இவ்வளவு சாதாரணமாக ஒரு படைக் கட்டடம் ஊருக்குள் கலந்து நிற்பதே நமக்குப் புதிது. நம் கன்டோன்மென்ட்களுக்கு மதிலும் வாயிற்காவலும் உண்டு.

1998 ஜனவரியில் ஐந்து நாள் தொடர்ந்து உறைமழை பெய்தது. தரையைத் தொட்டதும் பனிக்கட்டியாக இறுகும் அந்த மழையின் பாரத்தில் உருக்கு மின்கோபுரங்கள் மடிந்து விழுந்தன. கியூபெக்கில் மட்டும் பதினான்கு லட்சம் மின் இணைப்புகள் இருண்டன. மாண்ட்ரியலுக்குத் தெற்கே சேன்-ஹியாசின்த், கிரான்பி, சேன்-ஜான் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதிக்குக் ‘கறுப்பு முக்கோணம்’ என்றே பெயர் விழுந்தது. அங்கே சில வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஒரு மாதம் ஆனது. கியூபெக்கையும் சேர்த்துப் பாதிக்கப்பட்ட மாகாணங்களில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ராணுவத்தினர் இறங்கினார்கள். மரக்கிளை வெட்டினார்கள், கம்பம் நட உதவினார்கள், வீடுவீடாகக் கதவைத் தட்டி முதியோரை முகாமுக்கு வரச் சம்மதிக்க வைத்தார்கள். நடுத்தர வயதைத் தாண்டிய மாண்ட்ரியல்வாசிகள் சீருடையைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் அந்த ஜனவரிக்குத்தான் போகிறார்கள்.

இதே நகரத்தின் தெருக்களில் 1970 அக்டோபர் 15 அன்றும் ராணுவம் இறங்கியது. கியூபெக் விடுதலை முன்னணி இருவரைக் கடத்தியதைத் தொடர்ந்து, மறுநாள் போர்க்கால நடவடிக்கைச் சட்டம் அமலுக்கு வந்தது; ஏறக்குறைய ஐந்நூறு பேர் வாரன்ட் இல்லாமல் கைதானார்கள், பெரும்பாலோர் மீது எந்த வழக்கும் நிற்கவில்லை. அதற்கும் முன்பு 1942இல் கட்டாய ராணுவ சேவை குறித்து நாடு முழுக்க வாக்கெடுப்பு நடந்தபோது கியூபெக்கில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் ‘வேண்டாம்’ என்றார்கள். போர்க்காலத்தில் ஆள்களைப் பதிவுசெய்வதை எதிர்த்த மாண்ட்ரியல் மேயர் கமியன் ஊட் நான்கு ஆண்டு தடுப்புக் காவலில் இருந்தார். வெளியே வந்ததும் மக்கள் அவரையே திரும்ப மேயராக்கினார்கள். ஆக, ராணுவம் உதவ வந்தது என்ற ஒரு நினைவு மட்டும் இந்த ஊருக்கு இல்லை. உத்தரவு விறகையும் சுமக்க வைக்கும், துப்பாக்கியையும் சுமக்க வைக்கும். பேரிடர்ப் பணியைத் தொண்டு என்று அழைத்தால், அதே கையின் மற்ற வேலையை என்னவென்று அழைப்பது?

‘படையில் சேர்வதே தன்விருப்பம்தானே, அப்படியானால் அதற்குப் பின் செய்வதெல்லாம் தொண்டுதான்’ என்பார்கள் சிலர். கனடாவில் இன்று கட்டாய சேவை இல்லை என்பது சரி. ஆனால் ஒருமுறை கையெழுத்திட்டுக் கொடுத்த சம்மதம் வேறு, ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கொடுக்கும் சம்மதம் வேறு. செவ்வாய்க்கிழமை மாலை பயிற்சிக்கு வரும் ரிசர்வ் சிப்பாய்க்கு அந்த மாலைக்குச் சம்பளம் உண்டு. வியாழக்கிழமை அவர் பக்கத்துத் தெருக் கேடட் பிள்ளைகளுக்கு வரைபடம் பார்க்கச் சொல்லித்தருகிறார் என்றால், அல்லது நடமாட முடியாத கிழவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார் என்றால், அங்கே அவர் பேச்சுக்கு யாரும் கட்டுப்பட்டவர்கள் அல்ல. வேண்டாம் என்று சொல்லும் உரிமை இரண்டு பக்கமும் இருக்கிறது. தொண்டுக்கு நான் வைக்கும் உரைகல் இது ஒன்றுதான்.

பார்க் எக்ஸ்டென்ஷன்

இன்னும் வடக்கே போனால் ஜான்-டாலோன் சாலை. அந்தக் காலத்தில் கிரேக்கர்கள் குடியேறிய பார்க் எக்ஸ்டென்ஷனில் இன்று பஞ்சாபி, வங்காளி, தமிழ்ப் பெயர்ப் பலகைகள் அடுத்தடுத்து வருகின்றன. அம்மன் கோயில், தங்கநகைக் கடை, கொத்து ரொட்டி தட்டும் சத்தம், பனிக்காலத்திலும் கிடைக்கும் முருங்கைக்காய். இங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களில் பலரும் பிறகு இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களை முதலில் கண்டு ஏற்றியது கடற்படைக் கப்பல் அல்ல, மீன்பிடிப் படகு.

இந்தத் தெருவில் நின்று ராணுவத்தினரின் தொண்டைப் புகழ்ந்து பேச ஒருவருக்கு நிறையத் துணிச்சல் வேண்டும். சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு, இந்திய அமைதிப்படை, வன்னி என்று சீருடையோடு சேர்ந்தே வரும் நினைவுகள் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றன. போர் முடிந்த பிறகு வடக்கில் ராணுவம் வீடு கட்டிக் கொடுத்தது, ரத்ததானம் செய்தது. பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கிய சிவில் பாதுகாப்புத் திணைக்களம் வன்னியில் பண்ணைகளையும் முன்பள்ளிகளையும் நடத்தியது. வேலையில்லாத மண்ணில் அந்தச் சம்பளம் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது உண்மை. ஆனால் குழந்தை முதன்முதலாக எழுத்துப் படிக்கும் இடமும் படையின் கையில் இருக்க வேண்டுமா என்று அந்த மக்கள் எழுப்பிய கேள்வியும் அதே அளவு உண்மை. அங்கே ‘வேண்டாம்’ என்று சொல்வது எளிதாக இருக்கவில்லை. என் உரைகல்லில் அது தொண்டாகத் தேறாது.

இதைக் காரணம் காட்டி, முன்னாள் படையினர் பொதுவாழ்வில் தலையிடவே வேண்டாம் என்று வாதிடுவோரும் உண்டு. அவர்கள் காட்டக்கூடிய இந்திய உதாரணம் ராலேகான் சித்தி. ராணுவ லாரி ஓட்டுநராக இருந்த அண்ணா ஹசாரே 1975இல் சேவை முடித்து மகாராஷ்டிரத்தின் அந்த வறண்ட ஊருக்குத் திரும்பினார். தன் பணத்தில் கோயிலைச் சீரமைத்தார். ஊராரைக் கூட்டி உடலுழைப்பால் தடுப்பணைகளும் வாய்க்கால்களும் அமைத்தார். நிலத்தடி நீர் ஏறியது. அதே ஊரில்தான் குடித்தவர்களைக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தார்கள், அதை அவர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டிருக்கிறார். பாசறையின் ஒழுங்கும் பாசறையின் தண்டனையும் ஒரே மூட்டையில் ஊருக்கு வந்துவிட்டன. மறுப்பு வலுவானதுதான். ஆனால் அது காட்டுவது, படையில் இருந்தவர் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை: ஊரை நடத்துகிற இடத்தில் அல்ல, ஊர் கூப்பிடும்போது வந்து தோள் கொடுக்கும் இடத்தில். ஹேர் மருத்துவமனையில் அதிகாரி இல்லை, ஆர்டர்லி. அவருடைய அமைப்பு அப்படித் தொடங்கியதாலேயே அது யாரையும் அச்சுறுத்தவில்லை என்று நினைக்கிறேன்.

டோர்வால்

விமான நிலையம் இருக்கும் டோர்வால், தீவின் மேற்குப் பகுதியின் தொடக்கம். சேன்-லூயி ஏரி இங்கிருந்து அகன்று விரிகிறது. கரையோரம் மேப்பிள் மரங்களும் படகுத் துறைகளும் வசதியான வீடுகளும். 2020 ஏப்ரலில் இந்த ஊரின் பெயர் நாடெங்கும் பேசப்பட்டதற்குக் காரணம் ஒரு தனியார் முதியோர் இல்லம். கொரோனாவுக்கு அஞ்சி ஊழியர்கள் வராமல் போக, ஒரு மாதத்துக்குள் 31 பேர் அங்கே இறந்தது வெளியே தெரிந்தது. கியூபெக் அரசு ராணுவத்தைக் கேட்டது. முதலில் மருத்துவப் பிரிவினர் சுமார் 125 பேர் வந்தார்கள். பிறகு காலாட்படையினரும் சில நாள் பயிற்சி பெற்று, மாண்ட்ரியல் வட்டாரத்தின் முதியோர் இல்லங்களில் சோறூட்டவும், உடல் துடைக்கவும், படுக்கை மாற்றவும் இறங்கினார்கள்.

இதுவும் உத்தரவின்பேரில் நடந்ததே. இருந்தும் தொண்டு பற்றிய நம் வாதத்துக்கு இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, துப்பாக்கி பழகிய இளைஞர்கள் கிழவிக்குக் கஞ்சி ஊட்டக் கற்றுக்கொள்ள மாதக்கணக்கு தேவைப்படவில்லை. ஒழுங்காகக் கற்பது, சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்வது, அருவருப்பைக் காட்டிக்கொள்ளாதது ஆகியவை அவர்களிடம் ஏற்கெனவே இருந்தன. மற்றது, அவர்கள் பார்த்ததை எழுதினார்கள். கியூபெக்குக்கும் ஒன்டாரியோவுக்கும் ராணுவம் அளித்த அறிக்கைகள், ஆள் பற்றாக்குறையையும் தொற்றுத் தடுப்பில் இருந்த ஓட்டைகளையும் பெயர் குறித்துச் சொன்னதால்தான் பேச்சு மாறியது. உறவினர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை அரசு அப்போதுதான் காதில் வாங்கியது என்பதை நினைத்தால் கொஞ்சம் கசக்கிறது.

ஆனால் உத்தரவுக்கு ஒரு கடைசித் தேதி உண்டு. இலையுதிர்காலம் வரை இருக்கட்டும் என்று மாகாண அரசு கேட்டும், கோடையிலேயே படையினர் விலக்கிக்கொள்ளப்பட்டார்கள். அந்த இடத்துக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தினர் வந்தார்கள். மத்திய அரசைக் குறை சொல்ல முடியாது. படை என்பது தாதியர் பற்றாக்குறைக்கு நிரந்தர மருந்தாக முடியாது. கேள்வி அதற்குப் பிறகானது. ஒரு முறை சோறூட்டிய கை, பணிக்காலம் முடிந்து ஊர் திரும்பியபின் அதே இல்லத்தின் கதவை ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டுமா? தனிமை என்ற நோய்க்குப் பெருந்தொற்று தேவையில்லை. அதற்கு வேண்டியது தேதியில்லாத வருகை, அதை எந்தத் தலைமையகமும் அனுப்பிவைக்க முடியாது.

பொயின்ட்-கிளேர்

டொனெகனி அவென்யூவில், ரயில் பாதைக்கு அருகே, லாஸ்ட் போஸ்ட் ஃபண்ட் 1930இல் உருவாக்கிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கல்லறைகள்மீது உயர்ந்த சிலுவைகளோ சிற்பங்களோ இல்லை. தரையோடு தரையாகப் பதித்த, ஒரே மாதிரியான கற்கள். பதவி பார்த்து இடம் ஒதுக்குவதில்லை. நமக்குப் போரில் விழுந்தவருக்குக் கல் நடுவது புதிதல்ல. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் வீரனின் பெயரோடு, எந்த ஆநிரையை மீட்கப்போய் விழுந்தான் என்பதும் வெட்டப்பட்டிருக்கும். அந்தக் கற்கள் செயலுக்காக நடப்பட்டவை. பொயின்ட்-கிளேரில் பலருக்கும் அப்படிச் சொல்ல ஒரு வீரச்செயல் இல்லை. போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்து, வறுமையிலோ முதுமையிலோ படுக்கையில் இறந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கும் கல் உண்டு என்பதுதான் இந்த இடத்தின் விசேஷம்.

இங்கேதான் மிகப் பழைய மறுப்பு எழுகிறது: இது அரசின் கடமை அல்லவா? போருக்கு அனுப்பிய அரசு புதைக்கும் செலவையும் ஏற்க வேண்டாமா? தொண்டர்கள் இதைத் தோளில் போட்டுக்கொண்டால் அரசு நழுவிவிடாதா? நியாயமான கேள்விதான், ஆனால் இந்த அமைப்பின் வரலாறு வேறு விதமாகப் போயிற்று. ஹேரும் நண்பர்களும் செய்து காட்டியதன் பிறகுதான், 1920களில் மத்திய அரசு நிதி தரத் தொடங்கியது. இன்று முன்னாள் படையினருக்கான அரசின் ஈமச்சடங்குத் திட்டத்தையே இந்த அமைப்புதான் நடத்துகிறது. கடமை எங்கே இருக்கிறது என்று அரசுக்குத் தொண்டர்கள் விரல் நீட்டிக் காட்டினார்கள். அந்த விரல் இல்லாதிருந்தால் அரசு தானாகச் செய்திருக்கும் என்பதற்கு டேலியின் முடிவு எந்த ஆதாரமும் தரவில்லை. அதே சமயம், பணம் வந்ததும் தொண்டர்களின் வேலை தீர்ந்துவிடவும் இல்லை. 1996 முதல் பெயர்க்கல் இல்லாத கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடித்துக் கல் வைக்கும் பணி நடக்கிறது. பழைய ஆவணத்தைப் புரட்டி, இடுகாட்டுப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, இவர் படையில் இருந்தவரே என்று உறுதி செய்வதற்குப் பொறுமையுள்ள கண்கள் வேண்டும். படை எண்ணையும் பிரிவுச் சுருக்கெழுத்தையும் பார்த்த மாத்திரத்தில் படிக்கத் தெரிந்த முன்னாள் சிப்பாய் இங்கே எந்த வரலாற்று மாணவரையும் விடப் பயன்படுவார்.

இந்த அமைப்பு 2019இல் தொடங்கிய, பூர்வகுடிப் படையினருக்கான முயற்சி இன்னும் நுட்பமானது. மாண்ட்ரியலுக்கு வெளியே கானெசாத்தாகேயில் 1990இல் கோல்ஃப் மைதானத்துக்காகப் பைன் காட்டை விழுங்கப் பார்த்தபோது மோஹாக் மக்கள் தடுப்பு அமைத்தார்கள். 78 நாள் நீடித்த அந்த மோதலில் கனடிய ராணுவமே அவர்களுக்கு எதிரே நிறுத்தப்பட்டது. அந்த மக்களிலிருந்தே தலைமுறை தலைமுறையாகப் படைக்குப் போனவர்களும் உண்டு. கல் இல்லாமல் கிடக்கும் பூர்வகுடிப் படையினரின் கல்லறைகளைக் கண்டறிந்து, குடும்பம் விரும்பினால் அவர்களுடைய மரபுப் பெயரையும் அந்தக் கல்லில் பொறிக்கிறார்கள். 1990இன் காயத்தை இது ஆற்றிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. குடும்பம் விரும்பினால் மட்டும் என்ற அந்த நிபந்தனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சேன்ட்-ஆன்-டி-பெல்வியூ

தீவின் மேற்கு முனை. ஒட்டாவா ஆறு சேன்-லூயி ஏரியில் கலக்கும் இடத்தில் பழைய மதகுக் கால்வாய், கரையோர மரப்பலகை நடைபாதை, பொரித்த மீனும் பூட்டீனும் மணக்கும் உணவகங்கள். உருளைக்கிழங்கு வறுவல்மேல் பாலாடைக்கட்டித் துண்டுகளைத் தூவிச் சூடான குழம்பை ஊற்றும் பூட்டீனை, குளிர்நாட்டின் உழைப்பாளி உணவு என்று புரிந்துகொண்டால் ரசிக்கலாம். ருசி பார்த்து மட்டும் மதிப்பிட்டால் நம் நாக்குக்கு உப்பும் கொழுப்பும்தான் மிஞ்சும். சிற்றூரின் கூரைகளுக்கு மேலாகத் தெரியும் உயரமான கட்டடம் சேன்ட்-ஆன் மருத்துவமனை. முதல் உலகப் போரில் காயம்பட்டு வந்தவர்களுக்காக 1917இல் திறக்கப்பட்டது. மத்திய அரசின் கையில் கடைசியாக எஞ்சியிருந்த முன்னாள் படையினர் மருத்துவமனை. 2016 ஏப்ரலில் கியூபெக் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காரர்கள் அருகிவர, பொதுமக்களுக்கும் படுக்கைகள் திறந்தன.

இதே மருத்துவமனையில் போரின் மன உளைச்சலுக்கான சிகிச்சை மையமும் வளர்ந்தது என்பதால், கடைசி மறுப்பை இங்கே வைத்துப் பேசுவது பொருத்தம். ‘காயம்பட்டு வந்தவர்களே உதவி தேவைப்படுகிறவர்கள், அவர்களிடம் இன்னும் கொடு என்று கேட்பது கொடுமை அல்லவா?’ மாண்ட்ரியலின் கிழக்குப் பகுதியில் வளர்ந்த ரோமியோ டாலேர், 1994இல் ருவாண்டாவில் ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கி, இனப்படுகொலையைத் தடுக்க அதிகாரமும் ஆளும் இல்லாமல் பார்த்து நின்றவர். திரும்பி வந்தபின் உடைந்துபோனார். 2000இல் பூங்கா பெஞ்சுக்கு அடியில் மயங்கிக் கிடந்தவராகக் கண்டெடுக்கப்பட்டதை அவரே மறைக்கவில்லை. பிறகு குழந்தைகளைப் போரில் இறக்குவதற்கு எதிராக ஓர் அமைப்பைத் தொடங்கி வாழ்நாளை அதற்குக் கொடுத்தார். அதே ருவாண்டாவிலிருந்து திரும்பிய ஸ்டெஃபான் கிரெனியே, 2001இல் மன உளைச்சலில் இருக்கும் படையினருக்கு அதே வழியில் போய்வந்தவர்களே துணைநிற்கும் திட்டத்தை ராணுவத்துக்குள் உருவாக்கினார். மருத்துவரிடம் வாய் திறக்காத சிப்பாய், தன்னைப் போன்ற இன்னொருவரிடம் திறப்பான் என்பதே அதன் அடிப்படை. பெறுவதற்கென்று மட்டுமே ஒருவரை நிறுத்திவைப்பதும் ஒருவிதக் கொடுமைதான். எல்லோராலும் கொடுக்க முடியாது, எல்லோரையும் கேட்கவும் கூடாது. கொடுக்க விரும்பும் நாள் வரும்போது கதவு திறந்திருக்க வேண்டும். ஆள்சேர்ப்பு விளம்பரத்துக்கு இந்தத் தொண்டைப் படம் பிடித்துப் போடுவார்கள் என்ற கவலையும் எனக்கு உண்டு. அதற்கு மருந்து, தொண்டு செய்ய வரும்போது சீருடையை வீட்டில் கழற்றிவைத்துவிட்டு வருவது.

இதையெல்லாம் நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்கலாம். தமிழ்நாட்டுச் சிப்பாய் பெரும்பாலும் நாற்பதை எட்டுமுன்பே ஊர் திரும்பிவிடுகிறார். முதலுதவி, கம்பியில்லாத் தொடர்பு, பாலம் கட்டுவது, வண்டி பழுது பார்ப்பது எல்லாம் தெரிந்த அந்த மனிதரை நாம் ஏடிஎம் வாசலில் செக்யூரிட்டியாக உட்கார வைத்திருக்கிறோம். முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் பென்ஷன், சலுகை, பிள்ளைகளின் உதவித்தொகை என்று அவருக்குத் தர வேண்டியதைப் பற்றியே பேசுகின்றன, பேசவும் வேண்டும். அவரிடம் என்ன கேட்கலாம் என்ற பேச்சு கொடிநாள் உண்டியலைத் தாண்டிப் போவதில்லை. இதற்கிடையே நான்கே ஆண்டு பணியாற்றும் அக்னிவீரர்களின் முதல் அணி 2026 இறுதியிலிருந்து வெளியே வரத் தொடங்குகிறது. நால்வரில் ஒருவர்வரைதான் படையில் தொடர முடியும். மற்றவர்களுக்குப் பென்ஷனும் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது என்பதால் அந்த நல அலுவலகத்தின் பதிவேட்டில் அவர்கள் பெயர் ஏறப்போவதில்லை. பெரும்பாலும் இருபத்தைந்து வயதைக்கூடத் தொடாத அந்தப் பையன்களை ஊர்த் தன்னார்வக் குழுவிலோ, வெள்ளத்துக்கு முந்தைய ஏரிக்கரைக் காவலிலோ, முதியோர் இல்லத்து ஞாயிற்றுக்கிழமைகளிலோ சேர்த்துக்கொள்வதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.